கொடுங்கையூர் ஆய்வும் மூன்று முறை திரும்பி வந்த விண்ணப்பமும்: எதிக்ஸ் கமிட்டியைச் சரிசெய்ய வழி உண்டா?

சென்னை கொடுங்கையூர் குப்பைமேட்டில் பொறுக்கிப் பிழைக்கும் பெண்களின் உடல்நலம் பற்றி பிஎச்.டி. செய்யும் ஒருவர் கேட்டிருக்கிறார். மனிதர்களிடம் நடத்தும் ஆய்வு நெறிப்படி இருக்கிறதா என்று பார்த்து அனுமதி கொடுக்கும் குழு, அவருடைய பல்கலைக்கழக எதிக்ஸ் கமிட்டி, விண்ணப்பத்தை மூன்று முறை திருப்பி அனுப்பிவிட்டதாம். பக்க எண் இல்லை, கைடு கையெழுத்துக்குக் கீழே தேதி இல்லை, அந்தப் பெண்கள் கையெழுத்துப் போட வேண்டிய ஒப்புதல் படிவத்தில் லோகோ இல்லை என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம். அந்தப் பெண்களுக்கு இந்த ஆய்வால் என்ன கெடுதல் வரக்கூடும் என்று மட்டும் ஒருவர்கூடக் கேட்கவில்லை. இது வெறும் சடங்குதானா, சரிசெய்ய வழி உண்டா என்பது அவர் கேள்வி. தாமதத்தைப் பற்றிய புலம்பலாக இதை நான் படிக்கவில்லை. அந்தக் கமிட்டி யாரைக் காப்பாற்ற உட்கார்ந்திருக்கிறது, கல்லூரியையா, கொடுங்கையூர்ப் பெண்ணையா என்று கேட்கிறீர்கள். அதற்கே பதில் எழுதுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது ராயபுரம். சமூகப்பணித் துறையில் 28 ஆண்டுகள் பாடம் நடத்தினேன். இரண்டு நிறுவனங்களின் எதிக்ஸ் கமிட்டிகளில், வெளியிலிருந்து வரும் சமூக அறிவியல் உறுப்பினராக மொத்தம் 11 ஆண்டுகள் இருந்திருக்கிறேன். மருந்து கம்பெனிகள் நடத்தும் டிரையல்கள் எங்களிடம் வந்தது குறைவு. எம்.டி. தீசிஸ், நர்சிங் மாணவர்களின் சர்வே, பிஎச்.டி. ஸ்காலர்களின் கள ஆய்வு இவைதான் எனக்குப் பழக்கம். நான் சொல்வதை அந்த எல்லைக்குள் வைத்தே படியுங்கள்.

சந்தேகத்துக்கு இடமில்லாததை முதலில் சொல்லிவிடுகிறேன். மனிதர்கள் பங்கேற்கும் மருத்துவ, உடல்நல ஆய்வுகளுக்கு இந்தியாவில் அடிப்படை, இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐசிஎம்ஆர்) 2017-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள். உடல்நலத்தைத் தொடும் சமூக ஆய்வும் அதற்குள் வரும், ஆகவே உங்களுடையதும் வரும். புதிய மருந்துகள், மருத்துவப் பரிசோதனைகள் பற்றிய 2019-ஆம் ஆண்டு விதிகள் கமிட்டிகளுக்குப் பதிவைக் கட்டாயமாக்கின. குறைந்தது 7 பேர் இருக்க வேண்டும். பாதிப் பேராவது அந்த நிறுவனத்தோடு சம்பந்தமில்லாதவர்களாக இருக்க வேண்டும். தலைவர் வெளியாள். சட்டம் தெரிந்த ஒருவரும், எந்தத் துறை நிபுணரும் இல்லாத ஒரு சாமானியரும் வேண்டும். ஒப்புதல் கொடுத்ததோடு வேலை முடிந்துவிடாது, ஆய்வு நடக்கும் விதத்தைக் கண்காணிப்பதும் கமிட்டியின் பொறுப்பு. விதியில் குறை அதிகமில்லை. மதியம் 2 மணிக்குக் கூடும் கூட்டத்தில்தான் குறை இருக்கிறது.

நான் இருந்த ஒரு கமிட்டியில், முதுகலை மாணவர்களின் கெடு நெருங்கும் மாதத்தில், ஒரே மதியத்துக்கு 40 திட்டங்கள் வரும். 3 மணி நேரக் கூட்டம். ஒன்றுக்கு நாலரை நிமிடம். அந்த நாலரை நிமிடத்தில் கண்ணில் படுவது பக்க எண்ணும் தேதியும்தான். உறுப்பினர்கள் கெட்டவர்கள் என்பதால் இப்படி நடக்கவில்லை. பழைய கேஸ் ஷீட்டிலிருந்து எண்களை எடுத்து எழுதும் ஆய்வுக்கும், எச்ஐவி உள்ள கர்ப்பிணிகளைப் பேட்டி எடுக்கும் ஆய்வுக்கும் ஒரே நாலரை நிமிடம் என்று ஆனதால் நடக்கிறது. ஐசிஎம்ஆர் நெறிகளிலேயே மூன்று வழி இருக்கிறது: ஆபத்தே இல்லாததற்கு விலக்கு, சொற்ப ஆபத்து உள்ளதற்கு இரண்டொருவர் பார்க்கும் விரைவுப் பரிசீலனை, மற்றதற்கு முழுக் கமிட்டி. பல இடங்களில் பயத்தினால் எல்லாவற்றையும் முழுக் கமிட்டிக்கே தள்ளிவிடுகிறார்கள். விண்ணப்பங்களை வாங்கிப் பார்க்கும் கமிட்டிச் செயலர், அதாவது மெம்பர் செக்ரட்டரி, துணிந்து பிரித்தால், கூட்டத்துக்கு 6 திட்டங்கள் மிஞ்சும். ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம் கிடைக்கும். நான் பார்த்த மாற்றங்களில் செலவே இல்லாதது இது.

ஆனால் நேரம் கிடைத்தால் மட்டும் போதாது. அந்த நேரத்தில் எதைப் பார்ப்பது? என் பதில் ஒன்றே: படிவம் எந்த வீட்டு வாசலில், யாருடைய காதில் விழப்போகிறதோ, அந்த இடத்திலிருந்து அதைப் பார்க்க வேண்டும். இதை நான் கற்றது வியாசர்பாடியில், ஒரு ஹவுசிங் போர்டு பிளாக்கின் மூன்றாவது மாடியில். என் மாணவியோடு நானும் போயிருந்தேன். கமிட்டி ஒப்புதல் கொடுத்த 6 பக்கப் படிவம் கையில். மீன் கழுவிக்கொண்டிருந்த அக்கா ஒருவர், ஈரக் கையில் படாமல் இரண்டு விரலால் அதை வாங்கினார். முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. திருப்பி, பின்பக்கத்தில் சீல் எதாவது இருக்கிறதா என்று பார்த்தார். “ஆய்வுக்கு வந்திருக்கோம்” என்று என் மாணவி சொன்னதும் அவர் முகம் மாறியது. “இதுல கையெழுத்துப் போட்டா வூட்டைக் காலி பண்ணச் சொல்லுவாங்களாம்மா?” என்றார்.

எங்களுக்கு ‘ஆய்வு’ என்றால் படிப்பு, கட்டுரை, பட்டம். பேப்பரிலும் டிவியிலும் அந்த அக்கா கேட்ட ‘ஆய்வு’ வேறு. அமைச்சர் ஆய்வு, கலெக்டர் ஆய்வு, அதிகாரிகள் திடீர் ஆய்வு. போர்டு வீட்டில் இருப்பவருக்கு அதிகாரி ஆய்வு என்றால், அலாட்மென்ட் யார் பெயரில் இருக்கிறது, உள்வாடகைக்கு விட்டிருக்கிறார்களா என்று பார்க்க வருவது. ஆற்றோரத்திலும் கால்வாயோரத்திலும் இருந்த குடும்பங்களை நகரத்தின் ஓரத்தில் இருக்கும் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பிய கதை எல்லோருக்கும் தெரியும். அங்கேயும் முதலில் வந்தது, கையில் பேப்பரோடு வீடு வீடாக ஒரு கணக்கெடுப்புதான். அந்த அனுபவம் இருக்கிற ஊரில், கையெழுத்து என்பது பாதுகாப்பு இல்லை, பயம்.

‘பரிசோதனை’ என்ற சொல் இன்னும் மோசம். மருந்தைச் சோதித்துப் பார்ப்பதும் பரிசோதனை, ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்ப்பதும் பரிசோதனை. “இது ஒரு பரிசோதனை ஆய்வு” என்று படிவத்தில் எழுதினால், கேட்பவர் காதில் விழுவது “உங்களுக்கு இலவசமாகச் செக்கப் செய்கிறோம்” என்பது. சரி என்று உடனே தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலை ஒப்புதல் என்று எண்ணிக்கொள்கிறோம். இதைத் தடுக்க கமிட்டிகள் பேக் டிரான்ஸ்லேஷன் சான்றிதழ் கேட்கின்றன. ஆங்கிலத்தைத் தமிழாக்கி, அந்தத் தமிழை மறுபடி ஆங்கிலமாக்கி, இரண்டும் ஒத்துப்போனால் திருப்தி. “பங்கேற்பாளரின் தனியுரிமை பேணப்படும்” என்பது ஆங்கிலத்துக்கு அழகாகத் திரும்பிப் போகும். புளியந்தோப்பில் எந்தத் திண்ணையிலும் அது புரியாது. அதனால் நான் கமிட்டிகளிடம் கேட்பது: தமிழ்ப் படிவத்தை முதலில் எழுதச் சொல்லுங்கள், ஆங்கிலம் பிறகு வரட்டும். பரிசீலனையும் தமிழ்ப் பிரதியிலிருந்தே தொடங்கட்டும்.

அதற்கு ஒரு எளிய உபாயம், கூட்டத்திலேயே வாய்விட்டுப் படிக்கவைப்பது. ஒருமுறை ஒரு டாக்டரிடம், நோயாளியிடம் படிப்பது போலவே படியுங்கள் என்று கேட்டேன். அவர் மறுக்கவில்லை. 14 நிமிடம் ஆனது. சொந்தப் படிவத்திலேயே நான்கு இடத்தில் நாக்குத் தடுக்கியது. எங்கள் சாமானிய உறுப்பினர், தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அதுவரை எந்தக் கூட்டத்திலும் பேசியதில்லை. மூன்றாவது பக்கத்தில் கையைத் தூக்கி, “வேணாம்னு சொல்லலாம்னு எந்த இடத்துல சார் வருது?” என்று கேட்டார். அது ஐந்தாவது பக்கத்தில் இருந்தது. அமெரிக்காவில் 2019-இல் நடைமுறைக்கு வந்த திருத்தப்பட்ட விதி, ஒப்புதல் படிவத்தின் தொடக்கத்திலேயே முக்கியமான தகவல்களைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும் என்கிறது. எங்கள் தபால்காரர் கேட்டதும் அதுதான். அன்றிலிருந்து அந்தக் கமிட்டியில் முதல் அரைப் பக்கத்தில் மூன்று விஷயம் வரவேண்டும் என்று வைத்தோம்: நாங்கள் யார், உங்களிடம் என்ன கேட்கப்போகிறோம், வேண்டாம் என்றால் ஒன்றும் ஆகாது.

ஆய்வுக்குக் கமிட்டி ஒப்புதல் கொடுத்த பிறகு களத்துக்குப் போய்ப் பார்ப்பது, நடக்கவே நடக்காத வேலை. அது நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நாடே அறிந்த உதாரணம் இருக்கிறது. 2009-இல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான எச்பிவி தடுப்பூசித் திட்டம் ஆயிரக்கணக்கான சிறுமிகளிடம் நடந்தது. 2010-இல் அது நிறுத்தப்பட்டது. தடுப்பூசியைப் பற்றிய கதை இல்லை இது. நடந்த இறப்புகளுக்கு ஊசிதான் காரணம் என்று விசாரணையில் நிறுவப்படவில்லை, அந்தத் தடுப்பூசி இன்று உலகம் முழுக்கப் பயன்படுகிறது. ஆனால் கம்மத்தில் பல படிவங்களில் பெற்றோருக்குப் பதிலாக ஹாஸ்டல் வார்டன்களும் தலைமையாசிரியர்களும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நாடாளுமன்ற நிலைக்குழு 2013-இல் அதைக் கடுமையாகக் கண்டித்தது. காகிதத்தில் ஒப்புதல் முறை இருந்தது. வார்டன் கையெழுத்துப் போட்ட அறையில் யாரும் போய் நிற்கவில்லை.

எல்லா ஆய்வையும் போய்ப் பார்க்க முடியாது. பத்தில் ஒன்றைப் பார்த்தால்கூட, எதைப் பார்க்கப்போகிறார்கள் என்று தெரியாததால் மற்ற ஒன்பது பேரும் கவனமாக இருப்பார்கள். அதைவிடச் சுலபமானது தொலைபேசி. ஒவ்வொரு படிவத்தின் கடைசியிலும் “புகார் இருந்தால் அழைக்கவும்” என்று ஒரு எண் இருக்கும். ஒரு புதன்கிழமை காலை, நாங்களே அங்கீகரித்த படிவத்திலிருந்த எண்ணை நான் அழைத்தேன். நீண்ட நேரம் அடித்தது. எடுத்தவர், “ஓபி சீட்டா? அது கீழே கவுன்ட்டர்ல கேளுங்க” என்று வைத்துவிட்டார். இரண்டாம் முறை அழைத்தபோது எதிக்ஸ் கமிட்டி என்றால் என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. அவர்மேல் தப்பில்லை, யாரும் அவரிடம் சொல்லவில்லை. அந்த எண்ணை நம்பி எத்தனை பேர் அழைத்து ஓய்ந்திருப்பார்கள் என்று எண்ணி அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பிறகு ஒரு செல்போனும் ஒரு நோட்டும் வாங்கி, தமிழில் பேசுகிற ஒருவரிடம் கொடுத்தோம். அடுத்த ஓராண்டில் 9 அழைப்புகள். ஏழு பேர் கேட்டது, “என் பிளட் ரிசல்ட் எப்ப வரும்?” ஒருவர், ரத்தம் எடுத்து முடித்த பிறகே கையெழுத்து வாங்கினார்கள் என்றார். இன்னொருவர், தன் மருமகளுக்கு என்ன நோய் என்று வெளியாள் ஒருவருக்குத் தெரிந்துவிட்டது என்றார். அந்த இரண்டு அழைப்புக்காகவே அந்த செல்போன் தகும்.

பணம் பற்றி என் கருத்து அழுத்தமானது. பயணச் செலவையும் இழந்த கூலியையும் ஈடுசெய்வதை ஐசிஎம்ஆர் அனுமதிக்கிறது. ஆனாலும் கமிட்டிகள் ஏழைக்குப் பணம் கொடுத்தால் ஆசை காட்டுவது என்று பதறி, 300 ரூபாயை 100 ஆக்கும். ஒரு காலை நேரத்தை உங்களுக்குக் கொடுத்தால் அந்த அம்மாவுக்கு அன்றைய பொறுக்கல் போச்சு. அதை ஈடுகட்டாமல் விட்டால், பங்கேற்பின் செலவை அவர் தலையில் கட்டுகிறோம். ஆபத்தை மறைத்துப் பணம் கொடுப்பது ஆசை காட்டுவது. கூலியை ஈடுகட்டுவது நியாயம்.

உங்கள் ஆய்வில் கமிட்டி கட்டாயம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இன்னொன்று இருக்கிறது. “நீங்கள் சொல்வது எதுவும் வெளியே போகாது” என்று உங்கள் படிவத்தில் எழுதியிருப்பீர்கள், எல்லோரும் எழுதுகிறோம். குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்ததாக ஒரு அம்மா உங்களிடம் சொன்னால் என்ன செய்வீர்கள்? 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 19-ஆம் பிரிவின்படி, தெரிந்தவர் எவராயினும் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும். ஆய்வாளருக்கு விலக்கு கிடையாது. தெரிவிக்காவிட்டால் 21-ஆம் பிரிவில் தண்டனை உண்டு. ஆக, நீங்கள் காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுத்துவிட்டு, அவர் மனதைத் திறந்த பிறகு மீற வேண்டிவரும். பேச ஆரம்பிக்கும் முன்பே அந்த ஒரு விதிவிலக்கைச் சொல்லிவிடுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் கையில் வைத்திருங்கள். இதே போல, அனுமதி இல்லாமல் குப்பைமேட்டுக்குள் போகிறவரின் புகைப்படம், எந்த வாசல் வழியாக எந்த நேரம் போகிறார் என்ற விவரம், உங்கள் தீசிஸில் வந்தால் நாளை அந்த வாசல் அடைக்கப்படலாம். ஆய்வால் வரும் கெடுதல் என்றால் ஊசியும் மாத்திரையும் மட்டுமே என்று பழகிய கமிட்டிக்கு இது கெடுதலாகவே தோன்றாது.

இனி எனக்கு உறுதியில்லாதவை. கமிட்டியில் அந்தந்தப் பகுதி மக்களில் ஒருவர் இருக்க வேண்டும் என்று நான் நீண்ட காலம் பேசியிருக்கிறேன். ஒரு காலத்தில், வார்டு கவுன்சிலரையோ சங்கத் தலைவரையோ கூப்பிடலாம் என்றேன். இன்று அப்படிச் சொல்லமாட்டேன். பகுதியில் செல்வாக்கு உள்ளவர் உள்ளே வந்தால், அவர் சரி சொன்ன ஆய்வுக்கு ‘வேண்டாம்’ என்று சொல்ல அந்தத் தெருவில் யாருக்கும் வாய் வராது. சத்துணவு ஆயா, சுய உதவிக் குழுவில் கணக்கு எழுதும் பெண், இப்படி ஒருவர் நல்லவர் என்று தோன்றுகிறது. ஆனால் அஜெண்டா ஆங்கிலத்திலும் அமர்வுத் தொகை இல்லாமலும் இருக்கும்வரை அவரையும் ஒப்புக்குத்தான் உட்காரவைப்போம். ஒப்புதலை ஒலிப்பதிவு செய்வதிலும் எனக்கு இரண்டு மனம். நேர்மையை அது காக்கும், அதே நேரத்தில் போனை நீட்டியதும் எழுந்து போனவர்களையும் பார்த்திருக்கிறேன். களப் பார்வை, வாய்விட்டுப் படித்தல் இவையெல்லாம் கெடுதலைக் குறைக்கின்றன என்று நான் நம்புகிறேன். நடக்காமல் போன கெடுதலை எண்ணிக் காட்ட என்னால் முடியாது.

முடிவுகளைத் திருப்பிச் சொல்வதில் மட்டும் எனக்குத் தயக்கமே இல்லை. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் சிகிச்சை மையம், இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கிறது. நெரிசலான வீடுகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகள் உட்பட 193 பேரிடம் நடந்த அதன் முதல் ஆய்வு, வீட்டிலிருந்தபடியே மாத்திரை சாப்பிட்டாலும் சானடோரியம் என்ற காசநோய் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பதற்கு ஈடாகக் குணமாகும் என்று 1959-இல் காட்டியது. உலகம் காசநோய்க்குச் சிகிச்சை கொடுக்கும் முறையே அதனால் மாறியது. இன்று தண்டையார்பேட்டையில் ஒருவர் தன் வீட்டுத் தட்டில் சோறு சாப்பிட்டுவிட்டு டிபி மாத்திரை போடுகிறார் என்றால், அதற்குப் பின்னால் அந்த 193 பேர் இருக்கிறார்கள். இந்த ஊர் மக்கள் ஆய்வுக்குக் கொடுத்தது சிறிய காரியம் இல்லை. ஆய்வு முடிந்ததும் தமிழில் ஒரு பக்கம் எழுதி, பேசிய ஒவ்வொருவரிடமும் கொண்டுபோய்ப் படித்துக் காட்டுவது வரை ஃபைலை மூடாதீர்கள் என்று கமிட்டி சொல்ல வேண்டும்.

கமிட்டி மாறும்வரை நீங்கள் காத்திருக்க முடியாது என்பது தெரியும். நான்காவது முறை அனுப்பும்போது இப்படிச் செய்து பாருங்கள். உங்கள் ஆய்வில் சேராத மூன்று பெண்களிடம், குப்பைமேட்டிலிருந்து திரும்பி, குளித்து, டீ குடித்துவிட்டு உட்காரும் நேரமாகப் பார்த்துப் போங்கள். படிவத்தை வாய்விட்டுப் படியுங்கள். ‘ஆய்வு’ என்ற சொல்லை எடுத்துவிட்டு, “நான் காலேஜ்ல படிக்கிறேன், கவர்ன்மென்ட் ஆள் இல்ல, உங்க உடம்பைப் பத்திக் கேட்டுத் தெரிஞ்சுக்க வந்திருக்கேன்” என்று தொடங்குங்கள். அவர்கள் இடையில் நிறுத்திக் கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும் அவர்கள் பேச்சிலேயே, திருத்தாமல், ஒரு தாளில் எழுதுங்கள். அதற்கேற்பப் படிவத்தில் எதை மாற்றினீர்கள் என்று பக்கத்தில் குறியுங்கள். அந்தத் தாளை விண்ணப்பத்தின் முதல் பக்கமாக வையுங்கள், நேரில் வந்து விளக்க அனுமதியும் கேளுங்கள். கையெழுத்துக்குப் பயப்படுகிறார்கள் என்றால், கமிட்டியின் முன்அனுமதியோடு, சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் முன்னிலையில் வாய்மொழி ஒப்புதல் வாங்க ஐசிஎம்ஆர் நெறிகளில் இடம் உண்டு; அதையும் கேளுங்கள். பக்க எண், தேதி, லோகோ மூன்றையும் அனுப்பும் முன் இன்னொருவரை விட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், அந்தக் காரணத்துக்காக இன்னொரு மாதம் போகக் கூடாது.